ஓரமாகப் போகச் சொல்லாதீர்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் கோட்டையூரில் இருக்கிறோம். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளில்தான் காரைக்குடிக்கு டியூஷன் போய் வருவாள். சில வாரங்களுக்கு முன் செக்காலை ரோட்டில் ஒரு மருந்துக்கடை முன்னால் நின்றிருந்த காரின் டிரைவர் திடீரென்று கதவைத் திறக்க, அதில் மோதி ரோட்டின் நடுப்பக்கம் விழுந்துவிட்டாள். பின்னால் வந்த டவுன் பஸ் பிரேக் அடித்து நின்றதால் உயிர் தப்பியது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. கார்க்காரர், “என் வண்டி நின்றுகொண்டுதானே இருந்தது, பிள்ளைதான் பார்க்காமல் வந்து மோதிவிட்டது” என்கிறார். இவள் அப்பாவோ, “ஓரமாகப் போ, ஓரமாகப் போ என்று எத்தனை தடவை சொன்னேன்” என்று இவளையே திட்டுகிறார். அப்பத்தா, சைக்கிளே வேண்டாம், ஷேர் ஆட்டோவில் போகட்டும் என்று சொல்கிறார். மகளுக்கோ கட்டுப் பிரித்ததும் மறுபடி ஓட்ட ஆசை. யார் சொல்வது சரி? எப்படி ஓட்டினால் இது மறுபடி நடக்காது?
— ஒரு தாய், கோட்டையூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் பிள்ளையைத் திட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அவள் அப்பா சொன்னதைக் கேட்டுத்தான் ஓரமாகப் போயிருக்கிறாள். நின்ற கார்களை ஒட்டி ஓரமாகப் போனதால்தான் கதவுக்குள் மாட்டினாள். “ஓரமாகப் போ” என்பது கார்கள் நிற்காத ரோட்டுக்குச் சொல்லும் புத்தி. கோட்டையூரிலிருந்து வரும் வழியில் அது சரி. செக்காலை ரோட்டுக்குள் நுழைந்த பிறகு அதே புத்தி ஆபத்தாகிவிடுகிறது.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். எங்கள் வகுப்பில் ஸ்டியரிங்கைத் தொடவிடுவதற்கு முன்பே ஒரு வேலை செய்யச் சொல்வேன். காரை நிறுத்தி, டிரைவர் பக்கக் கதவை முழுக்கத் திறந்து, அதன் விளிம்பு எட்டும் இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போடச் சொல்வேன். சின்னக் காராக இருந்தாலும் கோடு ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளித்தான் விழும். மூன்றடிக்கு மேல். பல வருடம் கார் வைத்திருப்பவர்கள்கூட அந்தக் கோட்டைப் பார்த்து, “இவ்வளவு தூரமா?” என்பார்கள். சைக்கிள்காரர் காரின் உடம்பைத்தான் பார்க்கிறார், கதவு வந்து நிற்கப்போகும் இடத்தை அல்ல. இன்னொன்றும் உண்டு. நாம் இடைவெளியை டயரிலிருந்து கணக்குப் போடுகிறோம். ஆனால் ஹேண்டில்பார் டயரிலிருந்து இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஓரடி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதையும் சேர்த்தால், நிற்கும் காரிலிருந்து சைக்கிளின் டயர் நாலரை அடி தள்ளிப் போக வேண்டும். பூக்காரம்மா அளக்கிற மாதிரி மூன்று முழம் என்று சொல்லுங்கள், அப்பத்தாவுக்கும் புரியும்.

இவ்வளவு இடைவெளி எதற்கு, பார்த்துப் பிரேக் பிடித்தால் போதாதா என்று அவள் அப்பா கேட்கலாம். போதாது. பள்ளிப் பிள்ளைகள் சாதாரணமாக மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போவார்கள். அந்த வேகத்தில் சைக்கிள் ஒரு நொடியில் நான்கு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். கதவு திறப்பதைக் கண் பார்த்து, மூளைக்கு உறைத்து, விரல் பிரேக்கை அமுக்குவதற்கே ஏறக்குறைய ஒரு நொடி ஆகிவிடுகிறது. அதற்கப்புறம் பிரேக் கட்டை ரிம்மைக் கவ்வி வண்டி நிற்க இன்னும் சில மீட்டர் வேண்டும். கதவு முழுக்கத் திறக்க ஒரு நொடிகூட ஆகாது. ஆகவே காரின் பின் பம்பரைத் தாண்டும்போது கதவு திறந்தால், எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் நிறுத்த முடியாது. “பார்த்து ஓட்டியிருந்தால்” என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அவளைக் காப்பாற்றக்கூடியது இடைவெளி ஒன்றுதான்.

விழுந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், இதைப் புரிந்துகொண்டால்தான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது தெரியும். நம் ஊரில் கார்கள் இடதுபுறம் நிற்கும், சைக்கிள் அவற்றின் வலப்பக்கமாகத் தாண்டிப் போகும். பல நேரங்களில் உடம்பு கதவில் படுவதே இல்லை, ஹேண்டில்பாரின் இடது நுனி மட்டும் கதவின் விளிம்பில் தட்டும். தட்டிய நொடியில் அந்த நுனி பின்னால் தள்ளப்பட்டு, முன்சக்கரம் சடாரென்று இடப்பக்கம், காரை நோக்கித் திரும்பிவிடும். சக்கரம் இடப்பக்கம் போக, உடம்பு முன்னாலும் வலப்பக்கமும் தூக்கி எறியப்படும். வலப்பக்கம் என்றால் ஓடுகிற வண்டிகளின் பாதை. உங்கள் மகளுக்கு வலது மணிக்கட்டு முறிந்திருப்பது இதனால்தான், வலது கையை ஊன்றித்தான் விழுந்திருக்கிறாள். கதவால் வரும் காயம் பெரும்பாலும் ஆறிவிடும். உயிரை எடுப்பது பின்னால் வரும் வண்டி. அந்த டவுன் பஸ் டிரைவர் போதுமான தூரம் விட்டு வந்திருக்கிறார், அவர் நன்றாக இருக்கட்டும்.

சரி, இனி எப்படி ஓட்டுவது?

வரிசையாகக் கார் நிற்கும் இடம் தூரத்தில் தெரியும்போதே முடிவெடுத்துவிட வேண்டும். முதல் காருக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னாலேயே வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை, பின்னால் வண்டி நெருங்கவில்லை என்று தெரிந்தால் வலது கையை நீட்டிக் காட்டிவிட்டு, மெதுவாக மூன்று முழம் தள்ளி வந்துவிட வேண்டும். வந்த பிறகு அந்தக் கோட்டிலேயே நேராகப் போக வேண்டும். நிறையப் பேர் செய்வது என்னவென்றால், ஒரு காரைத் தாண்டியதும் அடுத்த காருக்கு முன்னால் இருக்கும் சின்ன இடைவெளிக்குள் நுழைந்து, மறுபடி வெளியே வருவார்கள். மரியாதையாக ஒதுங்குகிறோம் என்று நினைப்பு. பின்னால் வருகிற லாரிக்காரருக்கு அந்தச் சைக்கிள் ஒரு கணம் காணாமல் போய் மறுகணம் முன்னால் வந்து நிற்கும். நேராகப் போகும் சைக்கிளை அவர் தூரத்திலிருந்தே கணித்துவிடுவார். ஐந்தாறு கார் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தால் மட்டும் ஒதுங்கி, பின்னால் வருபவர்களை விட்டுவிட்டு, மறுபடி தோளுக்கு மேல் பார்த்து வெளியே வரலாம்.

ஹாரன் அடிப்பார்கள். கண்டிப்பாக அடிப்பார்கள். பயந்து இடப்பக்கம் வெட்டக் கூடாது என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஹாரன் அடிக்கிறவர் அவளைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். கதவைத் திறக்கப் போகிறவர் இன்னும் பார்க்கவில்லை. ரோட்டில் அந்த இடத்தில் போக அவளுக்கும் உரிமை உண்டு. பிரிட்டனில் அரசே வெளியிடும் சாலை விதிப் புத்தகம், நிற்கும் வண்டிகளைத் தாண்டும்போது ஒரு கதவு அகலம் அல்லது ஒரு மீட்டர் இடம் விட்டுப் போகும்படி சைக்கிள்காரர்களுக்கு எழுதியே வைத்திருக்கிறது.

எல்லாத் தெருவிலும் மூன்று முழம் கிடைக்காது. கல்லுக்கட்டிப் பக்கம் சாயங்காலம் போனால் கடைச் சாமான், டூவீலர், கார், நடக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து நமக்கு மிஞ்சுவது ஒரு சைக்கிள் அகலம்தான். அங்கே ஒரே வழி வேகத்தைக் குறைப்பது. ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டால் ஒன்றிரண்டு மீட்டரில் நிறுத்திவிடலாம், இடித்தாலும் சிராய்ப்போடு போகும். இடமும் இல்லை, பின்னால் பஸ்ஸும் நெருக்குகிறது என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

கார்களைப் படிக்கவும் அவளுக்குப் பழக்கிவிடலாம். இப்போது வரும் கார்கள் பலவற்றில் பூட்டியதும் சைடு மிரர் தானாக மடங்கிக்கொள்ளும். மிரர் மடங்கியிருந்தால் பெரும்பாலும் உள்ளே ஆள் இல்லை. விரிந்திருந்தால் ஆள் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பிரேக் லைட் இப்போதுதான் அணைந்தது, உள்விளக்கு எரிந்தது, பின் கண்ணாடி வழியே தலை அசைந்தது, இவை எல்லாம் கதவு திறக்கப் போகிறது என்பதற்கு அறிகுறிகள். ஆனால் அறிகுறி ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக ஒட்டிப் போகலாம் என்று அர்த்தம் இல்லை. சீட்டின் தலைச்சாய்மானத்தையும் ஆளின் தலையையும் பின்னாலிருந்து பிரித்துப் பார்ப்பது கஷ்டம். கண்ணாடியில் கருப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012இலேயே தடுத்தது. இருந்தாலும் நம் ஊர் வெயிலுக்கு ஜன்னலில் துணித்திரை மாட்டாத கார் எத்தனை இருக்கிறது?

மஞ்சள் நம்பர் பிளேட் போட்ட கார் நின்றால் கூடுதல் கவனம் வேண்டும். ஆட்கள் இரண்டு பக்கமும் இறங்குவார்கள், ஊர் புதிது, அவசரம் வேறு. கானாடுகாத்தானில் நானே கவனித்திருக்கிறேன். கார் நிற்பதற்கு முன்பே பயணிகளின் கண் பெரிய வீட்டு முகப்பின் மேலே இருக்கும் சுதைச் சிற்பத்துக்குப் போய்விடும். கை மட்டும் கதவைத் தேடும். பிள்ளையார்பட்டியில் சதுர்த்திக் கூட்டம், நம் ஊர்களில் கல்யாணம், காதுகுத்து என்று வீட்டு வாசல் நெடுகக் கார் நிற்கிற நாட்களிலும் இப்படித்தான். வந்தவர்கள் உறவைப் பார்த்த சந்தோஷத்தில் இறங்குவார்கள், ரோட்டைப் பார்க்க மாட்டார்கள்.

இடப்பக்கத்தையும் மறக்க வேண்டாம். நெரிசலில் நின்றுவிட்ட காருக்கும் ஓரத்துக்கும் நடுவில் சைக்கிளை நுழைத்துப் போவது எல்லோரும் செய்வது. அந்த நேரத்தில்தான் “இங்கேயே இறங்கிக்கிறேன்” என்று பின்சீட்டிலிருந்து இடது கதவைத் திறப்பார்கள். ஷேர் ஆட்டோவுக்குக் கதவே கிடையாது, பையும் ஆளும் நேராக வெளியே வரும். நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸின் இடப்பக்கம் போகவே கூடாது. தார் முடிந்து செம்மண் தொடங்கும் விளிம்பும் அங்கேதான் இருக்கிறது, அதில் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும்.

டியூஷன் விட்டு இருட்டில் வருவாள் என்று நினைக்கிறேன். சைக்கிளுக்குப் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருந்தால் போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். கதவு விபத்துக்கு அது உதவாது. காரில் இருப்பவர் சைடு மிரரில் பார்ப்பது சைக்கிளின் முன்பக்கத்தை. முன்னால் ஒரு வெள்ளை விளக்கு எரிந்தால்தான் கண்ணாடியில் தெரியும். ஹேண்டில்பாரில் மாட்டுகிற சின்ன எல்.இ.டி. விளக்கு சைக்கிள் கடைகளில் கிடைக்கிறது. அவசியம் வாங்கிப் போடுங்கள்.

அப்புறம், எல்லாம் செய்தும் ஒரு கதவு திறந்துவிட்டால்? இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்கம் வெட்டக் கூடாது. பின்னால் என்ன வருகிறது என்று தெரியாதபோது, வேகம் குறைந்த நிலையில் கதவில் இடிப்பது பஸ்ஸுக்கு முன்னால் போய் விழுவதைவிட மேல். கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் பிள்ளையிடம் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

இதுவரை சொன்னது எல்லாம் பிள்ளை செய்ய வேண்டியது. ஆனால் இந்த விபத்தைத் தடுக்க வேண்டிய முதல் ஆள் காருக்குள் உட்கார்ந்திருப்பவர். உங்கள் வீட்டிலோ உறவிலோ கார் வைத்திருப்பவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். நம் நாட்டுக் காரில் டிரைவர் வலப்பக்கம் உட்காருகிறார், கதவு வலது கைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் வலது கையால் திறக்கிறார். முகம் முன்னால் பார்த்தபடியே இருக்கும், கதவு போய்விடும். அதே கதவை இடது கையால் திறந்து பாருங்கள். கை மார்பைக் குறுக்கே கடந்து வர வேண்டும், தோள் திரும்பும், தோளோடு முகமும் திரும்பும். கண் தானாகச் சைடு மிரரில் விழும், அடுத்து பின்னால் வரும் ரோடும் தெரியும். வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் இடது கையால், இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் வலது கையால் திறக்க வேண்டும், அவ்வளவுதான். சைக்கிள் மிகுந்த நெதர்லாந்தில் இது பழைய பழக்கம், அதனால் இதற்கு ‘டச்சு ரீச்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. பிரிட்டன் 2022 ஜனவரியில் தன் சாலை விதிப் புத்தகத்திலேயே இதைச் சேர்த்தது. என் வகுப்பில் வலது கையால் திறந்தால் மறுபடி உள்ளே உட்காரச் சொல்லிவிடுவேன். ஒரு வாரத்தில் கை பழகிவிடுகிறது.

பின்சீட்டில் குழந்தைகளோ வயதானவர்களோ இருந்தால் இதைவிட எளிதான வழி ஒன்று இருக்கிறது. காரின் பின்கதவைத் திறந்தால், அதன் விளிம்பில் பூட்டுக்குப் பக்கத்தில் சின்ன நெம்பியோ சாவி போட்டுத் திருப்புகிற துளையோ இருக்கும். அதுதான் சைல்டு லாக். வலது பின்கதவில் மட்டும் அதைப் போட்டு வைத்துவிட்டால் அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது. ரோட்டுப் பக்கம் யாரும் இறங்க முடியாது, எல்லோரும் இடப்பக்கம்தான் இறங்கியாக வேண்டும். ஒரு காசு செலவில்லை. காரில் இது இருப்பதே தெரியாமல் வருடக்கணக்காக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது கார்க்காரர் சொன்னதற்கு வருகிறேன். “வண்டி நின்றுகொண்டுதானே இருந்தது” என்பது சட்டத்தில் நிற்காது. நின்ற வண்டி ஆனாலும் கதவைத் திறந்தது அவர் செய்த செயல். அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி கவனக்குறைவாக நடந்து கொடுங்காயம் ஏற்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆவது பிரிவில் வரும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருப்பது அந்தச் சட்டம்தான். எலும்பு முறிவு கொடுங்காயக் கணக்கில் சேரும். இழப்பீட்டு வழக்குகளிலும், வண்டி ஓடாமல் நின்றிருந்தாலும் அது ‘உபயோகத்தில்’ இருப்பதாகவே கொள்ளலாம் என்று 1991இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே போலீஸ் ஸ்டேஷனில் இதுவரை புகார் கொடுக்கவில்லை என்றால் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவச் செலவுக்கும் மற்றதற்கும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். பணம் பெரும்பாலும் கார்க்காரரின் இன்சூரன்ஸிலிருந்து வரும், அவர் கையிலிருந்து அல்ல, இதை அவரிடமே சொன்னால் பேச்சுச் சூடு தணியும். 2019 திருத்தத்தில் மனுவுக்கு ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறார்கள். தள்ளிப்போடாமல் ஒரு வக்கீலைப் பாருங்கள். எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். இன்னொரு செய்தியும் தெரிந்திருக்கட்டும்: தமிழ்நாட்டில் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம். 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது.

அப்பத்தாவின் பயம் எனக்குப் புரிகிறது. பேத்தி ரோட்டில் விழுந்ததைக் கேட்ட எந்த அப்பத்தாவும் அப்படித்தான் சொல்வார். ஆனால் ஷேர் ஆட்டோ இவள் நேரத்துக்கு வராது, வந்தாலும் ஆள் நிறைந்துதான் வரும். தவிர, விழுந்ததோடு சைக்கிளைப் பிடுங்கிவிட்டால், தப்பு தன்னுடையதுதான் என்று பிள்ளை மனதில் பதிந்துவிடும். ஓட்டட்டும். டாக்டர் கையை ஊன்றலாம் என்று சொல்லும்வரை மட்டும் பொறுத்திருக்கட்டும். பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் பலம் வராத கையோடு ரோட்டுக்கு வரக் கூடாது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கடைகள் திறக்கும் முன், அவள் அப்பாவே டூவீலரில் பின்னால் வர, அதே செக்காலை ரோட்டில் அவளை ஓட்டச் சொல்லுங்கள். தோளுக்கு மேல் பார்ப்பது, கை காட்டுவது, தள்ளி வந்து நேராகப் போவது, இவ்வளவையும் இரண்டு மூன்று முறை செய்து பழகட்டும். திரும்பிப் பார்க்கும்போது ஹேண்டில்பார் ஆடினால் முதலில் உங்கள் தெருவில் பழகிவிட்டு வரலாம்.

சைக்கிளை ரோட்டில் இறக்குவதற்கு முன் ஒரு மெக்கானிக்கிடம் காட்டி விடுங்கள். முன் சக்கரம் கோணியிருக்கிறதா, ஃபோர்க் வளைந்திருக்கிறதா, பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹேண்டில்பாரின் இரண்டு நுனியிலும் ரப்பர் கிரிப் முழுசாக இருக்க வேண்டும். கிழிந்து இரும்புக் குழாய் வெளியே தெரிந்தால் விழும்போது அது வயிற்றில் குத்திவிடும். வெளியே சின்னச் சிராய்ப்புத் தெரியும், உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கும், வலி சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். இனி எப்போதாவது விழுந்து, வயிறு வலிக்கிறது என்றோ வாந்தி வருகிறது என்றோ சொன்னால் சுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இரண்டு கிரிப்பையும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.